ஏழாம் பக்கத்தின் கடைசிப் பத்தி

"நடுவர் அவர்களே" என்று தொடங்கியே பழகியவன் நான். இன்று அந்த விளி எனக்கு உதவாது. இதைப் படிக்கும் உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். நடுவர் மணி அடிக்கலாம், மதிப்பெண் போடலாம், என் பக்கமோ எதிர்ப்பக்கமோ சாயலாம். சாட்சிக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. கேட்டதைக் கேட்டபடி மனத்தில் வைத்துக்கொண்டு, யாராவது வினவினால் மாற்றாமல் சொல்ல வேண்டும். எனக்கு இப்போது அப்படி ஒருவர் தேவை. ஏனெனில் நான் சொல்லப்போகும் செய்தியில், எழுத்தில் இருந்திருக்க வேண்டிய சாட்சி ஒன்று இல்லாமல் போயிற்று. அது இல்லாமல் போனதில் எனக்குப் பங்கு உண்டு.

ஒன்றை முன்பே சொல்லிவிடுகிறேன். பெரம்பலூர், அரியலூர் ஆகிய இரு மாவட்டங்களுக்குள் நடந்தது இது. எந்த அரசு மருத்துவமனை, எந்த ஆட்சியர் அலுவலகம் என்று கேட்காதீர்கள். அங்கே ஒருவர் எனக்கு உதவ முன்வந்தார். அவருடைய வேலை இன்னும் ஒப்பந்த வேலைதான்.

எங்கள் ஊர் திருமழபாடிக்குப் பக்கத்தில், கொள்ளிடக் கரையோரம். ஏழாம் வகுப்பில் சுதந்திர நாள் விழாவில் மூன்று நிமிடம் பேசி ஓர் எவர்சில்வர் டிபன் பாக்ஸைப் பரிசாக வாங்கினேன். அன்று பிடித்த மைக்கை அதன்பின் விடவில்லை. கல்லூரி முடிப்பதற்குள் கேடயங்களுக்கு அலமாரி போதாமல், அம்மா அவற்றை அரிசி டிரம்மின் மேல் அடுக்கினார். கோயில் விழாப் பட்டிமன்றத்தில் முதன்முதலாக அணித் தலைவனாக உட்கார்ந்தபோது எனக்கு வயது இருபத்திரண்டு. இதையெல்லாம் அடக்கத்தோடு சொல்ல வேண்டும் என்று தெரியும். அந்த நாள்களில் என்னிடம் அடக்கம் இருந்ததில்லை. இல்லாததை இப்போது பூசிக்கொள்ள மனம் வரவில்லை.

பேச்சு மன்றத்தில் எங்களுக்குப் பழக்கிய முதல் பாடம், கருத்தைக் கடைசிக்கு வைப்பது. முதலில் அவையை வணங்கு. பிறகு அந்த ஊர் மண்ணைப் புகழ். பிறகு ஒரு கதை சொல்லி, ஒரு கேள்வியை எழுப்பி, அதை அந்தரத்தில் நிறுத்து. மணி அடிக்க அரை நிமிடம் இருக்கையில், நெஞ்சில் தைக்க வேண்டிய அந்த ஒன்றைச் சொல்லிவிட்டு இறங்கு. இந்த முறையில் பேசி நான் தோற்றதே இல்லை. மேடையில் தோற்றதில்லை என்று திருத்திக்கொள்கிறேன்.

என் அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவள். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தித் தையல் கற்றாள். உடையார்பாளையம் பக்கத்தில், முந்திரித் தோப்பு வைத்திருக்கும் ஒரு வீட்டில் அவளைக் கட்டிக்கொடுத்தோம். மாமா சிமென்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் லாரி ஓட்டுகிறார். கல்யாணமான அடுத்த வருடமே அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிறந்த சிறிது நேரத்தில் அக்காவுக்கு இரத்தப்போக்கு நிற்காமல் போயிற்று.

அந்த மருத்துவமனையில் ஒரு வழக்கம் இருந்தது. வார்டில் நர்ஸ் ஒரு சீட்டும் இரத்த மாதிரி எடுத்த ஒரு சிறு குப்பியும் கொடுப்பார். அதை எடுத்துக்கொண்டு நோயாளியின் வீட்டார்தான் இரத்த வங்கிக்கு ஓட வேண்டும். அவர்கள் தரும் பையை வீட்டார்தான் திரும்பக் கொண்டுவர வேண்டும். மாமா லாரியோடு வெளியூரில் இருந்தார். அப்பா சோர்ந்து சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். நான் ஓடினேன். சித்திரை மாத நடுப்பகல் வெயிலில், இரு கட்டடங்களுக்கு நடுவே, மூன்று முறை. மூன்று பைகளையும் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு பையின் மீதும் ஓர் எண் அச்சிட்ட சீட்டு ஒட்டியிருந்தது. அக்கா பிழைத்துக்கொண்டாள்.

மறு ஆண்டு அரியலூரில் கல்லூரிகளுக்கிடையே குருதிக்கொடை பற்றிய பேச்சுப் போட்டி நடந்தது. அந்த நடுப்பகலை நான் மேடையேற்றினேன். அந்தப் பையைச் சுடர் என்றேன். கையில் உறங்கும் குழந்தை என்றேன். முகம் தெரியாத ஒருவர் என் அக்காவுக்கு எழுதிய கடிதம் என்றேன். முன்வரிசையில் இரண்டு பேராசிரியர்கள் கண்ணைத் துடைத்தார்கள். முதல் பரிசு. வீடியோவைப் பார்த்த அக்கா சிரித்தாள்.

"நீ ஓடுனப்ப செருப்பு வாரு அறுந்து, ஒத்தக்கால் செருப்போட வந்தியே, அதச் சொல்லவே இல்லியேடா?"

"அதெல்லாம் மேடைக்கு ஆவாதுக்கா."

அந்தப் பைக்கு நான் சொன்ன உவமைகள் அத்தனையும் இன்றும் எனக்கு மனப்பாடம். எண் நினைவில் இல்லை. மூன்று முறை என் கண்ணுக்கு ஒரு சாண் தொலைவில் இருந்தும், ஒரு முறைகூட அதை நான் படித்துப் பார்க்கவில்லை.

குழந்தைக்கு நான்கு வயது கடந்தபின் அக்காவுக்கு அடிக்கடி வயிற்றுவலி வந்தது. பித்தப்பையில் கல் என்றார்கள். அறுவைக்கு முன் வழக்கமாக எடுக்கும் இரத்தப் பரிசோதனையில் வேறொன்று தெரிந்தது. கல்லீரலைத் தாக்கும் சி வகைக் கிருமி. எத்தனை ஆண்டுகளாக உள்ளே இருக்கிறது என்று சொல்ல முடியாது, அது சத்தமில்லாமல் இருக்கும் என்றார் மருத்துவர். "எப்பவாவது ரத்தம் ஏத்துனாங்களாம்மா?" என்பதே அவர் கேட்ட முதல் கேள்வி. மாமாவையும் குழந்தையையும் பரிசோதித்தார்கள். இருவருக்கும் ஒன்றுமில்லை.

அதற்கு மருந்து உண்டு. அரசே இலவசமாகக் கொடுக்கிறது. மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டால் பெரும்பாலானோருக்குக் கிருமி போய்விடும். அக்காவுக்கும் போயிற்று. போகாதது வேறொன்று.

"ரத்தத்துல கிருமி" என்ற இரண்டு சொற்கள் அவள் மாமியார் வீட்டிலிருந்து தெருவுக்குப் போய், தெருவிலிருந்து அவளுக்கே வேறு வடிவத்தில் திரும்பி வந்தன. ஒழுக்கத்தைப் பற்றிய பேச்சாக. முதலில் அவள் தட்டையும் டம்ளரையும் தனியே வைத்தார்கள். பிறகு, மாத்திரை முடியும்வரை பிறந்த வீட்டில் இருக்கட்டும் என்று கொண்டுவந்து விட்டார்கள். பள்ளிக்கூடம் போவதால் குழந்தை அங்கேயே இருந்தாள். மாத்திரை முடிந்தது, கிருமி இல்லை என்ற ரிப்போர்ட்டும் வந்தது, யாரும் கூப்பிட வரவில்லை. அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் போய், முற்றத்தில் உட்கார்ந்து, குழந்தைக்குத் தலை பின்னிவிட்டு, மாலை பஸ்ஸில் திரும்பி வந்துகொண்டிருந்தாள்.

நான் நியாயம் கேட்கப் போனேன். வாசலிலேயே தொடங்கிவிட்டேன். அக்காவின் மாமியார் முந்திரிக்கொட்டை உலர்த்திக்கொண்டே கேட்டார்.

"தம்பி, டாக்டரு என்ன எழுதிக் குடுத்தாரு?"

"ரத்தம் ஏற்றியதால் வந்திருக்கக்கூடும்னு எழுதியிருக்காருங்க."

"கூடும்னா? அப்ப வேற மாதிரியும் வந்திருக்கலாம்ல?"

என்னிடம் பதில் இல்லாமல் போன முதல் எதிர்வாதம் அது. அந்த அம்மாள் பள்ளிக்கூடமே போனதில்லை.

மாமா என்னைத் தெருமுனை டீக்கடைக்கு அழைத்துப்போனார். "மாப்ள, நான் நம்புறேன். எம் பொண்டாட்டிய எனக்குத் தெரியாதா? ஆனா ஊரு வாய மூட ஒண்ணு வேணும். ஆஸ்பத்திரிக்காரங்க ஒத்துக்கிட்டு ஒரு பேப்பர் குடுத்தா, அத எடுத்துக்கிட்டு நான் எங்கம்மாகிட்ட மட்டுமில்ல, பெரியப்பா வூட்டு வாசல்லயே நிப்பேன். வாங்கியாந்துடு. அவள அன்னைக்கே கூட்டிட்டுப் போறேன்."

"ஒத்தப் பேப்பர்தானே மாமா? அந்த ஆபீஸயே பேச வெக்கிறேன் பாருங்க" என்றேன்.

பிரசவம் முடிந்து வீட்டுக்கு அனுப்பியபோது அவர்கள் கொடுத்த சீட்டில் 'தாயும் சேயும் நலம்' என்று ரப்பர் முத்திரை மட்டும் இருந்தது. இரத்தம் ஏற்றியதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஆகவே மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவுக்குப் போனேன். கணினிக்கு முன்னால் என் வயதுடைய ஒப்பந்தப் பணியாளர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நின்றபடியே பத்து நிமிடம் அவரிடம் என் வழக்கை எடுத்துரைத்தேன். அவர் பேனாவின் முனையால் காதைக் குடைந்துகொண்டு கேட்டார்.

"முடிஞ்சுதா தலைவரே? மைக் இல்லாமலே காது அடைக்குது. இப்ப நான் சொல்றேன் கேளுங்க. வார்டு கேஸ் ஷீட்டு அந்த வருசத்துக் கட்டு எங்க இருக்குன்னு எனக்கே தெரியல. ஆனா ரத்த வங்கியில ஒரு ரெஜிஸ்டர் இருக்கும். எந்த நம்பர் பை, எந்த பேஷண்டுக்கு, எந்தத் தேதியில போச்சுன்னு கையால எழுதியிருப்பாங்க. நம்பர் கெடச்சா, குடுத்தவரு யாருன்னு பாத்து, அவர வரச்சொல்லி டெஸ்ட் எடுப்பாங்க. அவருக்கும் இருந்துச்சுன்னா, அப்புறம் ஆஸ்பத்திரி எழுதிக் குடுத்துத்தான் ஆவணும்."

"அந்தப் பதிவேட்டை இப்போதே எடுக்க முடியுமா?"

"எழுத்துல கேக்கணும். நாலு வரி எழுதிக் குடுங்க. உங்க அக்கா பேரு, உள்நோயாளி நம்பர், அட்மிஷன் தேதி, ரெஜிஸ்டர் நகல் வேணும். அவ்ளோதான். நான் ரத்த வங்கி மேடத்துக்கிட்டக் கொண்டுபோய்க் குடுக்குறேன். ஆனா சீக்கிரம். அஞ்சு வருசம் முடிஞ்சதெல்லாம் கழிச்சு வுட்ருவாங்க. உங்களுக்கு இன்னும் ரெண்டரை மாசம் இருக்கு."

அவர் ஒரு வெள்ளைத் தாளைக்கூட என் பக்கம் நகர்த்தினார். பேனாவையும் துடைத்து நீட்டினார்.

நான் அதை வாங்கவில்லை. இந்த இடத்தில் சற்று நில்லுங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். எத்தனை காரணங்களை நான் அடுக்கினாலும் இதுதான் நடந்தது. நான்கு வரி என்பது எனக்கு அவமானமாகத் தோன்றியது. என் அக்காவின் வாழ்வை, அவள் பட்ட பழியை, ஓர் அரசு மருத்துவமனை கழுவிவிட்ட கையை நான்கு வரியில் எழுதுவதா? அதையும் காதைக் குடையும் ஒருவர் கையில் கொடுப்பதா? "இதைக் கொடுக்க வேண்டிய இடம் எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். முதுகுக்குப் பின்னால் அவர் சொன்னது காதில் விழுந்தது: "எங்க குடுத்தாலும் சுத்தி இங்கதான் வரும் தலைவரே."

ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கும். அங்கே ஆட்சியர் இருப்பார், அதிகாரிகள் வரிசையாக இருப்பார்கள், பத்திரிகைக்காரர்கள் இருப்பார்கள். அவை இருக்கும் இடம். பத்து நாள் எழுதினேன். ஏழு பக்கம் வந்தது. முதல் பக்கம் குருதிக்கொடையின் மேன்மை. இரண்டாம் பக்கம் இளைஞர்கள் அதற்கு முன்வர வேண்டியதன் அவசியம். பிறகு என் ஓட்டம், அந்த மூன்று பைகள், பெண்ணுக்கு நேரும் பழி, அரசின் கடமை. ஆறாம் பக்கத்தில் நான் மிகவும் பெருமைப்பட்ட வாக்கியம் இருந்தது. எங்கள் பகுதியில் தோண்டினால் கல்லாகிப்போன கடற்சிப்பிகள் கிடைக்கும் அல்லவா? 'கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு சிப்பியின் பதிவைக் காத்து வைத்திருக்கும் இந்த மண்ணில், ஐந்தாண்டுக்கு முன் உயிருக்குப் போராடிய ஒரு பெண்ணின் பதிவைக் காக்க முடியாதா?' எழுதி முடித்ததும் நானே எழுந்து அறையில் உலவினேன். அக்காவின் பெயர், தேதி, பதிவேட்டின் நகல் வேண்டும் என்ற கோரிக்கை ஆகியவை ஏழாம் பக்கத்தின் கடைசிப் பத்தியில் இருந்தன. மணி அடிக்க அரை நிமிடம் இருக்கையில்.

கூட்டத்தில், ஆட்சியரைப் பார்ப்பதற்கு முன் ஒரு மேசையில் மனுவைக் கணினியில் ஏற்றுவார்கள். அங்கிருந்த பெண் முதல் பக்கத்தைப் பார்த்தார். புரட்டி இரண்டாம் பக்கத்தையும் பார்த்தார்.

"என்ன கோரிக்கைங்க? ஒரு வார்த்தையில சொல்லுங்க."

"ஒரு வார்த்தையில் அடங்குகிற கோரிக்கையாக இருந்தால் ஏழு பக்கம் எழுதியிருக்க மாட்டேன், அம்மா. குருதி என்பது..."

வரிசையில் எனக்குப் பின்னால் பட்டா மனுவோடு நின்ற பெரியவர் தோளைத் தட்டினார். "தம்பி, மீட்டிங் முடிஞ்சா சோடா நான் வாங்கித் தரேன். இப்ப நவுருப்பா. எனக்கு ஒன்றரைக்கு பஸ்ஸு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மேசைப் பெண்ணும் சிரித்துக்கொண்டே ஏதோ தட்டி, ஓர் எண் எழுதிய சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். அவர் என்ன தட்டினார் என்று நான் கேட்கவில்லை. பட்டாப் பெரியவருக்கு என்ன பதில் சொல்லலாம் என்பதில் இருந்தது என் கவனம்.

ஆட்சியரின் முன் எனக்கு ஒரு நிமிடம் கிடைத்தது. அதில் அவையை வணங்கி, மண்ணைப் புகழ்ந்து முடித்தேன். அவர் முகம் மலர்ந்து, "நல்லாப் பேசுறீங்க தம்பி" என்றார். மூலையில் பச்சை மையில் கையெழுத்திட்டு மனுவைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்தார். நான் மிதந்துகொண்டு வெளியே வந்தேன்.

அன்று மாலை அக்கா தையல் மெஷினை மிதித்துக்கொண்டே கேட்டாள்.

"நம்பரக் கேட்டியா?"

"கேட்டிருக்கேன்க்கா. கடைசிப் பக்கத்துல."

"எதுக்கு கடைசில?"

அவளுக்கு உத்தியை விளக்கினேன். கேட்டு முடித்துவிட்டு, "அவங்க கடைசி வரைக்கும் படிப்பாங்களாடா?" என்றாள்.

"கலெக்டரே பாராட்டினாருக்கா."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். வேறெதுவும் கேட்கவில்லை. தம்பிக்குத் தெரியும் என்று விட்டுவிட்டாள். இந்த நினைவில் எனக்கு வலிக்கும் இடம் அதுதான்.

ஐந்து வாரம் கழித்து, பூலாம்பாடியில் ஒரு பள்ளி ஆண்டு விழாவில் பேசப் போயிருந்தேன். சால்வை போர்த்தும்போது சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. மனுவின் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது, விவரம் கடிதத்தில் வரும் என்ற குறுஞ்செய்தி. மேடையில் இருந்தபடியே அக்காவுக்கு அனுப்பினேன்: 'வெற்றி.' அவள் உடனே மாமாவிடம் சொல்லிவிட்டாள். மாமா அவர் அம்மாவிடம், பேப்பர் வரப்போகிறது என்று சொல்லிவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவை முற்றத்தோடு நிறுத்தாமல் கூடத்துக்குள் வரச்சொல்லிக் காபி கொடுத்தார்களாம். தட்டு, டம்ளர் எல்லாம் எல்லோருடையதும் போலவே.

பத்து நாளில் கடிதம் வந்தது. மாணவர்களிடையே குருதிக்கொடை பற்றிய விழிப்புணர்வை வளர்க்கப் பேச்சுப் போட்டிகள் நடத்த வேண்டும் என்ற என் ஆலோசனை கல்வித் துறைக்கு அனுப்பப்பட்டுவிட்டது. என் ஆர்வத்துக்கு நன்றி. மனு முடித்துவைக்கப்பட்டது.

முதல் இரண்டு பக்கங்களை மட்டும் படித்த எவரும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். இன்று அது தெளிவாகத் தெரிகிறது. அன்று எனக்குத் தெரிந்தது என் எதிரியின் மூடத்தனம் மட்டும். நேரே மருத்துவமனைக்குப் போயிருக்கலாம். இன்னும் பதினைந்து நாள் போல மிச்சமிருந்தது. நான் மறுப்புரை எழுத உட்கார்ந்தேன். அது ஒன்பது பக்கம். அடுத்த திங்கள் கூட்டம் ஏதோ காரணத்தால் நடக்கவில்லை. அதற்கடுத்த திங்கள் கொடுத்தேன். அது வேறொரு மேசைக்குப் போயிற்று. அக்காவிடம், "நடந்துக்கிட்டு இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுபடியும் பதிவேட்டுப் பிரிவின் கதவைத் தட்டியபோது சித்திரை முடிந்து வைகாசி பிறந்திருந்தது. அந்த ஒப்பந்தப் பணியாளர் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். இந்த முறை கிண்டல் இல்லை.

"எங்க போயிட்டீங்க? உங்களுக்காக மேடத்துக்கிட்ட வாயாலயே சொல்லி வெச்சிருந்தேன். அவங்களும் ஒரு மாசம் அந்த ரெஜிஸ்டர எடுத்துத் தனியா வெச்சிருந்தாங்க. ஆனா பேப்பர் ஒண்ணும் வரலியே. பேப்பர் இல்லாம நிறுத்தி வெச்சா ஆடிட்டுல அவங்களக் கேப்பாங்க. போன வாரம் வண்டி வந்துச்சு. கூழாக்குற மில்லுக்குப் போயிடுச்சு."

அவரே என்னை இரத்த வங்கி மருத்துவரிடம் அழைத்துப்போனார். ஐம்பதை நெருங்கும் அந்த அம்மாள், கழிக்கப்பட்ட பதிவேடுகளின் பட்டியலை எடுத்து மேசைமேல் விரித்தார். வரிசை எண், பதிவேட்டின் பெயர், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, பக்கங்கள், கழித்த தேதி, மூன்று கையெழுத்து. குறையே சொல்ல முடியாத பதிவு. பதிவேடு ஒன்று இருந்தது என்பதற்கும், இப்போது இல்லை என்பதற்கும்.

நான் பேசத் தொடங்கினேன். ஒரு நோய் இருபது ஆண்டு ஒளிந்திருக்கும் என்று அறிவியல் சொல்லும்போது, பதிவை ஐந்தாண்டில் அழிக்கலாம் என்று விதி சொன்னால், அந்த விதி யாரைக் காக்கிறது என்றேன். நல்ல வாதம். இன்றும் அதில் ஒரு சொல்லையும் நான் திரும்பப் பெறமாட்டேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"நீங்க சொல்றது சரிதான் தம்பி. நாங்களும் மேல எழுதியிருக்கோம். ஆனா உங்களுக்கு அந்த விதிக்குள்ளயே ரெண்டரை மாசம் இருந்துச்சே?"

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"அன்னைக்கு எல்லாப் பையையும் டெஸ்ட் பண்ணித்தான் குடுத்திருப்போம். கிருமி புதுசாத் தொத்தியிருந்தா கொஞ்ச நாளைக்கு டெஸ்ட்ல புடிபடாது. அப்படித் தப்பியிருக்கலாம். இல்ல எங்க தப்பாவும் இருக்கலாம். நம்பர் இருந்தா எதுன்னு தெரிஞ்சிருக்கும். இப்ப அதுவும் தெரியாது. இன்னொண்ணு நெனச்சுப் பாருங்க. அந்த ரத்தத்தக் குடுத்த ஆளு, பாவம், உதவி செஞ்சோம்னு நெனச்சுக்கிட்டு எங்கயோ இருப்பாரு. அவருக்குள்ள இருக்குன்னு அவருக்கே தெரியாது. அதே ரத்தத்துல பிரிச்ச பிளாஸ்மா வேற யாருக்காவது போயிருக்கலாம். அவங்களுக்கும் தெரியாது. மாத்திரை இங்கதான் அலமாரியில இருக்கு. யாரக் கூப்பிட்டுக் குடுக்குறது?"

முகம் தெரியாத ஒருவர் எழுதிய கடிதம் என்று நான் பரிசு வாங்கிய அந்த ஆள், இந்த இரு மாவட்டங்களில் எங்கோ இப்போதும் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார். ஜெயங்கொண்டம் போகும் பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கவும் கூடும். அவரைக் கண்டுபிடித்திருக்கக்கூடிய ஒரே வழியை நான் ஏழு பக்கத்துக்குக் கீழே புதைத்தேன்.

அந்தப் பட்டியலின் நகலை, மருத்துவமனையிலேயே நின்று, பெயரும் தேதியும் மட்டும் எழுதிய மனு கொடுத்து வாங்கினேன். அரை மணி நேரத்தில் கிடைத்தது.

வீட்டுக்கு வந்தபோது அக்கா குழந்தையின் பள்ளிச் சீருடைப் பாவாடைக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்தாள். அம்மா உள்ளே சமைத்துக்கொண்டிருந்தார். பட்டியலை அவள் முன் வைத்தேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்து, மேலிருந்து கீழாக ஒரு முறை படித்தாள்.

"இதுல எம் பேரு எங்கடா இருக்கு?"

"இல்லக்கா. அந்த ரெஜிஸ்டர அழிச்சுட்டாங்க. அது அழிச்சதுக்கு லிஸ்ட்டு."

அவள் தாளை மடித்தாள். நான் தொடங்கினேன். துறையின் அலட்சியம், மேசைப் பெண்ணின் அவசரம், விதியின் கொடுமை. நான்கு வாக்கியம் போயிருக்கும். அவள் கையை உயர்த்தினாள்.

"டேய், நிறுத்து. யாரு தப்புன்னு எனக்கு வேணாம். பேப்பர் வருதுன்னு சொல்லி என்னக் கூடத்துல உக்கார வெச்சு காபி குடுத்தாங்க. இந்த ஞாயித்துக்கெழமை போனா, பேப்பர் எங்கன்னு கேப்பாங்க. ஆஸ்பத்திரியில ஒண்ணும் இல்லன்னு சொன்னா, அப்ப ஒண்ணுமே இருந்ததில்லன்னு ஆயிடும். நான் பொய் சொன்னவளா ஆயிடுவேன். பாப்பா காதுலயும் அது விழும். நான் என்னத்தச் சொல்லட்டும்? அத மட்டும் சொல்லு."

மெஷினின் சக்கரத்தை அவள் கையால் பிடித்து நிறுத்தியிருந்தாள். என்னிடம் முன்னுரை எதுவும் மிச்சமில்லை.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம்க்கா. நான் வந்து சொல்றேன்."

"சத்தமாச் சொல்லு. அம்மாவுக்கும் கேக்கட்டும்."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. நான் எழுந்து நின்றேன்.

"இந்த ஞாயித்துக்கெழமை காலைல உன்கூட உங்க வூட்டுக்கு வரேன். உங்க மாமியாரும் பெரியப்பா வூட்டுக்காரங்களும் இருக்கும்போது சொல்றேன். ரெஜிஸ்டர் இருந்துச்சு. எங்கக்கா பேரும் அதுல இருந்திருக்கும். நேரத்துக்குக் கேட்டிருந்தா குடுத்திருப்பாங்க. நான்தான் கேக்கல. பேப்பர் இல்லாம போனது என்னால, அவளால இல்ல. இதச் சொல்லிட்டு நிப்பேன். அவங்க என்ன கேட்டாலும், எப்படித் திட்டுனாலும் கேட்டுக்குவேன். ஒரு வார்த்தை எதுத்துப் பேச மாட்டேன்."